பெயர்கள் ஓடும்போது

ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்புறம் ஜெயராமன் நடத்திவந்த வீடியோ லைப்ரரியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. புதிதாக எந்தக் கேசட் வந்தாலும் பக்தவத்சலம் பார்த்து முடிக்கிறவரை அது வாடகைக்குப் போகாது. ஒருமுறை பக்திப் படம் என்று நம்பி ஜெயராமன் கொடுத்தனுப்பிய கேசட்டில் இடைவேளைக்குப் பிறகு வேறெதுவோ பதிவாகியிருந்தது. விளக்கேற்றி வைத்துவிட்டு, மாமனார் மாமியாரோடு உட்கார்ந்து பார்த்த குடும்பம் அது. மறுநாள் காலையில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து நாலைந்து ஆண்கள் கடை வாசலில் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகுதான் இந்தக் கட்டுப்பாடு.

பக்தவத்சலத்துக்குப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் வேலை. மற்றவர்கள் செய்து அனுப்புவதைப் பார்த்து, சரி என்றோ சரியில்லை என்றோ சொல்ல வேண்டும். அதே பார்வையோடுதான் கேசட்டுகளையும் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடையின் கலர் டிவிக்கு எதிரில் தனியாக உட்கார்ந்துகொள்வார். படம் முடிந்ததும் சின்னத் தாளில் இரண்டு வரி எழுதி டப்பாமேல் ஒட்டிவிடுவார். ‘பிரிண்ட் சுத்தம். குழந்தைகளோடு பார்க்கலாம்.’ ‘பாட்டு இரண்டை எடுத்துவிட்டார்கள். கதை புரியும்.’ எழுதுகிற அளவுக்குக்கூட அவர் பேசமாட்டார். கேட்ட கேள்விக்கு அவர் வாய் திறப்பதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு கேசட்டை மட்டும் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“இந்தா மாமே, வந்துட்சு உன் படம்,” என்று ஜெயராமன் ஒருநாள் மேஜைமேல் ஒரு டப்பாவை வைத்தான். ‘ரகசிய மாணவர் படை.’ அட்டையில் நாலு பையன்களும் இரண்டு பெண்களும் பள்ளிச் சீருடையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார்கள். “தியேட்டர்ல ஒரு வாரம் கூட ஓடல. எதிர்ல வடை சுட்டவனே கடைய மூடிகினு பூட்டான். இத்த ரெண்டு வருசமா கேட்டவன் இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான். இன்னா விசயம்? ஈரோயினு உன் சொந்தக்காரப் பொண்ணா?”

பக்தவத்சலம் டப்பாவை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். ஜெயராமனின் முகத்தில் சிரிப்பு மெல்ல இறங்கியது. அவனுக்கும் விஷயம் தெரியும். மறந்திருந்தான், அவ்வளவுதான்.

“ஐயோ, ஆமா இல்ல. அங்கம்மா புள்ள,” என்றான்.

அந்தப் படத்தின் பள்ளிக்கூடக் காட்சிகளை ஆவடியிலேயே ஒரு பள்ளியில் எடுத்தார்கள். கூட்டத்துக்குப் பள்ளிப் பையன்களையே நிறுத்திக்கொண்டார்கள். அவர்களில் ஒருவன் துலுக்கானம். கடைக்குப் பின்தெருவில் குடியிருக்கும் அங்கம்மாவின் ஒரே பிள்ளை. பதினொன்றாம் வகுப்பு. உப்பிய கன்னமும் தொப்பையுமாக இருப்பான். அந்தக் கன்னத்துக்காகவே டைரக்டர் அவனைக் கூட்டத்திலிருந்து முன்னால் இழுத்து நிறுத்தி, ஒரு வரி வசனமும் கொடுத்தாராம். “சார், அவங்க எல்லாம் ட்யூஷன் போயிருக்காங்க சார்.” அந்த ஒரு வரியை ஊரில் அவன் சொல்லாத ஆள் கிடையாது. பக்தவத்சலத்திடமும் கடை வாசலில் நிறுத்திச் சொல்லிக் காட்டியிருக்கிறான்.

படம் வெளிவருவதற்கு முன் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தார்கள், மந்திரித்துப் பார்த்தார்கள், கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் அவன் உடம்பு உருகிப்போய்விட்டது. படம் அம்பத்தூர்த் தியேட்டருக்கு வந்த வாரம் அங்கம்மாவின் வீட்டில் காரியம்கூட முடிந்திருக்கவில்லை.

பக்தவத்சலம் அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தார். டிக்கெட் எடுத்து உள்ளே போவதற்குள் படம் தொடங்கியிருந்தது. அகலத் திரையின் வலது ஓரத்தில், சைக்கிளைப் பிடித்தபடி, துலுக்கானம் முழுசாக நின்றான். அதைப் பார்த்ததை எங்கோ வாய்தவறிச் சொல்லப்போக, அது அங்கம்மாவின் காதுக்குப் போய்விட்டது. அவள் கடைக்கு வந்தபோது படத்தைத் தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள்.

“ஊட்ல ஒரு போட்டோதான் சார் கீது,” என்றாள் அன்றைக்கு. “சேர்ல ஒக்கார வச்சு, மாலை போட்டு எடுத்தமே, அது. அதுக்கு முன்னாடி புடிச்ச போட்டோ ஒண்ணும் கெடையாது. வர வர எனுக்கு அந்த மூஞ்சிதான் வருது சார். கன்னம் ஒட்டிப்போன மூஞ்சி. முன்னாடி எப்பிடி இருந்தான்னு கண்ண மூடி மூடிப் பாக்குறேன். வரமாட்டேங்குது. பெத்தவளுக்கே மறந்துபூடுமா சார்?”

கேசட்டாக வந்தால் காட்டுகிறேன் என்று பக்தவத்சலம் சொன்னார். அவர் யாருக்கும் எதையும் இப்படிச் சொன்னதில்லை. சொன்ன பிறகு, வராமலே போனால் என்ன செய்வது என்ற பயத்தில் ஜெயராமனை வாராவாரம் கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கேசட்டைப் போட்டார். முதலில் ஒரு நகைக்கடை விளம்பரம். பிறகு ஒரு பாத்திரக்கடை. பெயர்கள் தொடங்கப்போகின்றன என்று தெரிந்ததும், எப்போதும்போல் வீடியோ டெக்கை நிறுத்தி, படம் தெரியாமல் டேப்பை வேகமாக ஓட்டினார். யார் ஒளிப்பதிவு, யார் ஒப்பனை என்பதெல்லாம் வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கு வேண்டாதது. கதை தொடங்கும் இடத்திலிருந்துதான் அவருடைய வேலை தொடங்கும். இத்தனை வருடமாக அப்படித்தான்.

நாலு மாணவர்களைப் போலீஸ் அதிகாரி ஒருவர் ரகசியமாக ஒற்றர்களாகச் சேர்த்துக்கொள்கிறார். சாப்பாட்டு டப்பாவுக்குள் வயர்லெஸ். பள்ளியின் வேதியியல் ஆசிரியர்தான் கடத்தல்காரர் என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது, மாணவர்களுக்கு மட்டும் கடைசிவரை தெரியவில்லை. தியேட்டரில் இதற்கு எங்கேயாவது யாராவது சிரித்திருப்பார்கள். ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னாலும் சிரிப்புக்காகக் கொஞ்சம் இடம் விட்டு எடுத்திருந்தார்கள். தனியாகப் பார்க்கிறவனுக்கு அந்த இடங்கள் வெறுமையாகத் தெரிந்தன. ஒரு பையன் ஏதோ சொல்கிறான். பிறகு எல்லோரும் சும்மா நிற்கிறார்கள். பக்தவத்சலத்துக்கு அந்தச் சும்மா நிற்கும் முகங்களைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. விளையாட்டுக்காகக் கூப்பிட்டு வந்து மறந்துபோய்விட்ட பிள்ளைகளைப்போல் நின்றார்கள்.

அவர் எதிர்பார்த்த காட்சி வந்தது. சைக்கிள் நிறுத்துமிடம். வேதியியல் ஆசிரியர் வந்து, அந்த நாலு பேர் எங்கே என்று கேட்கிறார். தியேட்டரில் வலது ஓரத்தில் துலுக்கானம் நின்ற இடம் டிவியில் இல்லை.

பக்தவத்சலம் டேப்பைப் பின்னோக்கி ஓட்டி மறுபடி பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார். ஆசிரியர் நடுவில் இருந்தார். சைக்கிளின் ஹேண்டில் பாருமேல் ஒரு கொழுத்த கை மட்டும் இருந்தது. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. “சார், அவங்க எல்லாம் ட்யூஷன் போயிருக்காங்க சார்” என்று ஒரு குரல் கேட்டது. அதுவும் துலுக்கானத்தின் குரல் இல்லை. டப்பிங்கில் யாரோ கீச்சுக் குரலில் பேசியிருந்தார்கள்.

அகலத்திரைக்கு எடுத்த படத்தை டிவியின் சின்ன முகத்துக்குள் அடக்க முடியாது. அதனால் கேசட் போடுகிறவர்கள் நடுவில் இருப்பதை வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் விட்டுவிடுவார்கள். இது பக்தவத்சலத்துக்குத் தெரியாதது அல்ல. ஆனால் அதை ஒரு குறையாக அவர் எந்தத் தாளிலும் எழுதியதில்லை. கதாநாயகன் எப்போதும் நடுவில்தானே நிற்கிறான். இத்தனை கேசட்டுகளில் ஓரத்தில் யார் யார் நின்றார்கள், அவர்களை யார் யார் தேடினார்கள் என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

மிச்சப் படத்தையும் பார்த்தார். வேறெங்கும் அவன் இல்லை. தாளில் ‘பிரிண்ட் பரவாயில்லை. குழந்தைகள் பார்க்கலாம்’ என்று எழுதி ஒட்டிவிட்டு, ஷட்டரைத் தூக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அங்கம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு திருகாணிக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். தலையை விரலால் கோதி ஒதுக்கிக்கொண்டாள். யாரையோ பார்க்க வந்தவள்போல் இருந்தது.

“வந்துட்சாமே சார்.”

“வந்துச்சும்மா.”

அடுத்த வார்த்தைக்காக அவள் காத்திருந்தாள். ஜெயராமன் கல்லாவிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டான்.

“முகம் வரலம்மா,” என்றார் பக்தவத்சலம். “கேசட்டுல ஓரத்தை வெட்டிடுவாங்க. அவன் ஓரத்துல நின்னுட்டான். கை மட்டும் தெரியுது.”

“கையா?”

“சைக்கிளைப் பிடிச்சிருக்கிற கை.”

அவள் அதை மனதுக்குள் வைத்துப் பார்ப்பதுபோல் நின்றாள். “நீ தேட்டர்ல பாத்தன்னு சொன்னியே சார்.”

“தியேட்டர்ல இருந்தான்.”

“நல்லாப் பாத்தியா? பூரா பாத்தியா?”

“பூரா பார்த்தேன்.”

“நீ பாத்தா செரியாத்தான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். கோபித்துக்கொண்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கேசட் வாடகைக்குப் போயிற்று. இரண்டு மூன்று வீடுகள் சுற்றி, கடைசியாக எடுத்துப்போயிருந்தது குவார்ட்டர்ஸ் ஞானம்மாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்று பக்தவத்சலமும் கடையில் இருந்தார்.

“என்ன அண்ணாச்சி, நல்லா இருக்குன்னு எழுதி ஒட்டிருக்கீங்க. எங்க வீட்டுல ஒருத்தரும் சிரிக்கலையே,” என்றார் ஞானம்மாள்.

“நல்லா கீதுன்னு எழுதல மா. கொய்ந்தைங்க பாக்கலாம்னுதான் எய்திகீறாரு,” என்றான் ஜெயராமன். “சிரிப்பு வரலன்னா அதுக்கு லைப்ரரி பொறுப்பு இல்ல.”

“ஆனா எங்க மக எஸ்தர் மட்டும் ஆரம்பத்துலயே கண்ணு கலங்கிட்டா. அவ கூடப் படிச்ச பையன் வந்தாம்லா, அந்தக் காமாலையில செத்துப்போன பிள்ளை. பேரு ஓடும்போது நிக்கான் பாருங்க. பாவமா இருந்துச்சு.”

பக்தவத்சலம் எழுந்துவிட்டார். “எப்போம்மா?”

“பேரு ஓடும்போதுதான் அண்ணாச்சி. ஆரம்பத்துல. நீங்க பாக்கலையா?”

ஞானம்மாள் வேறு கேசட் எடுத்துக்கொண்டு போகிறவரை பக்தவத்சலம் நின்றுகொண்டே இருந்தார். போனதும் ஜெயராமன் கேசட்டை டெக்கில் தள்ளினான்.

நகைக்கடை போயிற்று. பாத்திரக்கடை போயிற்று. மேளச் சத்தத்தோடு பள்ளி வாசல் வந்தது. மாணவர்கள் சைக்கிளில் வருகிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் படத்தை அப்படியே உறையவைத்து, அதன்மேல் பெயர்களைப் போட்டிருந்தார்கள். பெயர் ஒன்றையும் வெட்டிவிடக் கூடாது என்பதற்காக, இந்தப் பகுதியை மட்டும் இரண்டு பக்கமும் வெட்டாமல், முழு அகலத்தையும் பக்கவாட்டில் நெருக்கி டிவிக்குள் அடக்கியிருந்தார்கள். அதனால் எழுத்துகளெல்லாம் ஒல்லியாக, உயரமாக நின்றன. மனிதர்களும்.

துணை இயக்குநர்களின் பெயர்கள் வந்தபோது வலது ஓரத்தில் துலுக்கானம் இருந்தான்.

கேமராவைப் பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் நிறுத்தியிருப்பார்கள். அவன் நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த நொடியில் படம் உறைந்து நின்றது. ஆனால் அந்த முகம் நீண்டு, கன்னம் உள்ளே போய், கழுத்து குச்சியாக இருந்தது. சீருடைக்குள் உடம்பே இல்லாததுபோல் இருந்தது. மஞ்சள் வெயிலில் எடுத்திருந்தார்கள்.

“ஐயோ,” என்றான் ஜெயராமன். “ஆஸ்பத்திரில நான் போய்ப் பாத்தேன் மாமே. இப்பிடியேதான் இருந்தான்.”

பெயர்கள் முடிந்து கதை தொடங்கியது. ஜெயராமன் அணைத்தான்.

“சொல்லாத,” என்றான். “இல்லன்னு ஒரு தபா சொல்லிட்ட. அப்பிடியே உட்டுடு. இத்தப் பாத்தா அந்தம்மா ரெண்டாவது தபா சாவும்.”

பக்தவத்சலம் அன்று வீட்டுக்கு நடந்தே போனார். இல்லை என்று சொன்னது பொய்யல்ல, அப்போது. இனிமேல் அது பொய். அவள் வேலைக்குப் போகிற வழியில், வருகிற வழியில், ‘நீ பாத்தா செரியாத்தான் இருக்கும்’ என்று சொன்ன அந்த நம்பிக்கையோடு கடையைத் தாண்டிப்போவாள். அவர் உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இன்னொரு பக்கம், காட்டினால் என்ன ஆகும்? அவள் மறக்க நினைக்கிற முகத்தையே, சிரிக்கவும் வைத்து, அவள்முன் கொண்டுபோய் நிறுத்துவதாக ஆகும். எது குறைந்த பாவம் என்று யோசித்தபடி கோவர்த்தனகிரியில் தன் வீடுவரை போனவருக்கு விடை கிடைக்கவில்லை.

சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனார். வாசலில் குந்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே சுவரில் அந்த நாற்காலிப் படம் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றார்.

“நான் தப்பாச் சொல்லிட்டேம்மா. பேரு போடுற இடத்துல வரான். நான் அதை எப்பவும் ஓட்டிவிட்டுடுவேன். பார்க்கல.”

முறம் அப்படியே நின்றது. “மூஞ்சி வருதா?”

“வருது. சிரிச்சுக்கிட்டு நிக்கறான்.”

அவள் எழுந்துவிட்டாள். புடவையில் ஒட்டிய தவிட்டைத் தட்டினாள். “இன்னிக்கே வரட்டா சார்? எங்க ஊட்டுக்காரரு லாரிலேந்து வர திங்கக்கிழம ஆவும். நான் வந்துடறேன்.”

“ஒண்ணு சொல்லணும்மா,” என்றார் பக்தவத்சலம். சொல்வதற்கு அவருக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. “அந்த இடத்துல படத்தை நெருக்கிப் போட்டிருக்காங்க. எல்லாருமே ஒல்லியா, நீளமாத் தெரியறாங்க. அவனும் அப்படித்தான் இருக்கான். நிஜமா அப்படி இல்ல. படத்துல அப்படித் தெரியுது.”

“எளைச்சாப்லயா?”

“ஆமாம்மா.”

“கன்னம்?”

அவர் தலையசைத்தார்.

அங்கம்மா உட்கார்ந்தாள். முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கல் எதுவும் இல்லாத இடத்தில் விரலால் கல் பொறுக்கினாள்.

“வாணாம் சார்,” என்றாள். “அத்ததான் நான் தெனம் பாக்குறேனே. அதுக்குக் காசு குட்த்து கரன்டு குட்த்து இன்னாத்துக்குப் பாக்கணும்? நீ நல்ல மனுசன். வந்து சொன்ன. அது போதும். போ சார்.”

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் மின்சாரம் குறைந்தது. அந்தப் பக்கத்தில் சாயங்காலமானால் அது வழக்கம். குண்டு பல்பு சிவந்து, விசிறி மூச்சு வாங்கும். பக்தவத்சலத்தின் வீட்டிலிருந்தது பழைய கறுப்பு வெள்ளை டிவி. வோல்டேஜ் இறங்கினால் அதில் படமும் மேலும் கீழும் சுருங்கிவிடும். பின்னால் இருக்கிற ஒரு குமிழைத் திருகித்தான் படத்தை மறுபடி இழுத்து நீட்ட வேண்டும். திருகுவது அவர் வேலை. முன்னால் நின்று சொல்வது மனைவி நாகவல்லியின் வேலை.

“செய்தி வாசிக்கிறவரு குள்ளமாயிட்டாரு பாருங்க. பின்னால போய்த் திருகுங்க,” என்றாள் நாகவல்லி.

அவர் டிவியின் பின்னால் போய்க் கையைவிட்டார்.

“இன்னும்… இன்னும் கொஞ்சம்… ஐயோ, போதும் போதும். இப்ப ஒட்டடைக்குச்சி மாதிரி நீண்டுட்டாரு. திருப்புங்க இந்தப் பக்கம். இல்ல, இல்ல, இப்ப கொழுக்கட்டை. என்னங்க, என்ன பண்றீங்க? தூங்கிட்டீங்களா பின்னால?”

பக்தவத்சலம் குமிழைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

“இப்ப எப்படி இருக்காரு?” என்று கேட்டார். குரலே வேறாக இருந்தது.

“அதான் சொன்னேனே. குண்டா இருக்காரு.”

மறுநாள் ஜெயராமனின் கடையிலிருந்து டெக்கையும் கேசட்டையும் வீட்டுக்கு வாங்கிவந்து, அவரும் நாகவல்லியும் போட்டுப் பார்த்தார்கள். குமிழைத் திருகத் திருக, நீண்டு நின்ற பையன்கள் மேலிருந்தும் கீழிருந்தும் அமுங்கி அகன்றார்கள். மேலேயும் கீழேயும் திரை கறுப்பாகிவிட, நடுவில் ஒரு பட்டையாக நின்றது படம். துலுக்கானத்தின் முகம் நிரம்பியது. நிரம்பியது என்பது தெரிந்தது. எங்கே நிறுத்துவது என்பதுதான் தெரியவில்லை. நாகவல்லி அவனைப் பார்த்ததே இல்லை. பக்தவத்சலம் கடை வாசலில் இரண்டு மூன்று முறை பார்த்தவர். ஒரு திருகுக்கு அவன் யாரோ, இன்னொரு திருகுக்கு வேறு யாரோ. அவனுடைய அளவு அந்த ஊரில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அங்கம்மாவை அழைத்துவர நாகவல்லிதான் போனாள். என்ன சொல்லிக் கூட்டிவந்தாள் என்று அவர் கேட்கவில்லை. அங்கம்மா கதவோரத்திலேயே நின்றாள். நாகவல்லி பாயை விரித்த பிறகும் உட்காராமல், “எளைச்சாப்ல இருந்தா நான் எய்ந்து பூடுவேன் மா. தப்பா நெனச்சுக்காத,” என்றாள்.

“போயிடு. நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன். முதல்ல உக்காரு,” என்றாள் நாகவல்லி.

பக்தவத்சலம் டிவியின் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். அங்கிருந்து அவருக்குத் திரை தெரியாது. டிவியின் முதுகும், அதில் தூசி படிந்த ஓட்டைகளும், அதற்கப்பால் சுவரும்தான். குமிழைப் பிடித்துக்கொண்டார். நாகவல்லி டெக்கை ஓடவிட்டாள்.

மேளச் சத்தம் வந்தது. பள்ளி வாசல் வந்திருக்கும். சைக்கிள் மணிகள். கதாநாயகன் பெயர், கதாநாயகி பெயர். இசையை வைத்துத் துணை இயக்குநர்களின் இடம் நெருங்குவதை அவர் கணித்துக்கொண்டார்.

“ஹா,” என்று ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு பாய் சரசரத்தது. எழுந்துவிட்டாள்.

“இரும்மா, இரும்மா,” என்றாள் நாகவல்லி. “நீ சொல்லு, அவர் சரிபண்ணுவாரு. சொல்லேன். இன்னும் அகலமா?”

நாகவல்லி டேப்பைப் பின்னால் ஓட்டிவிட்டு மறுபடி விட்டாள். பக்தவத்சலம் குமிழை மெல்லத் திருகினார். மறுபடி மேளம். மறுபடி சைக்கிள் மணி.

பிறகு அங்கம்மாவின் குரல், நின்றுகொண்டே பேசுகிற குரல்.

“இன்னும் கொஞ்சம்.”

திருகினார். பெயர்கள் தாண்டிப்போயின. நாகவல்லி பின்னால் ஓட்டினாள்.

“இன்னும் சார்.”

திருகினார்.

“ஐயே, இது இல்ல. இது எங்க மாமனாரு மாதிரி கீது. கொஞ்சம் கொறை.”

நாகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். அவர் இம்மியளவு பின்னால் திருகினார். மறுபடி மேளம், மணி. இதற்குள் அந்த இசை அவருக்கு மனப்பாடமாகியிருந்தது.

“இரு,” என்றாள் அங்கம்மா.

அவர் விரலை அசைக்கவில்லை. மூச்சு விட்டால்கூடக் குமிழ் நகர்ந்துவிடும்போல் இருந்தது. பாய் மறுபடி சரசரத்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்தது. பெயர்கள் ஓடி முடிந்தன. நாகவல்லி பின்னால் ஓட்டிவிட்டாள். மறுபடி ஓடி முடிந்தன. அங்கம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது. எத்தனை முறை அந்த மேளம் வந்துபோனது என்று அவர் எண்ணவில்லை.

“கன்னம் வந்துட்சு,” என்றாள் கடைசியில்.

யாரிடமும் சொன்னதுபோல் இல்லை. பிறகு அவள் அழுதாள். நாகவல்லி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது வளையல் சத்தத்தில் தெரிந்தது. டெக்கை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. கேசட் பெயர்களைத் தாண்டிக் கதைக்குள் போய்விட்டது. போலீஸ் அதிகாரி மாணவர்களிடம் நாட்டுப்பற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நாகவல்லி எழுந்தாள்.

“நிறுத்திடட்டுமாம்மா?”

“ஓடட்டும் மா. எம்மா நேரம் ஓடும்? கை வர எடத்தையும் பாத்துட்டுப் போறேன்.”

கதைப் பகுதியில் படம் நெருக்கப்படாமல் இருந்தது. குமிழ் இறங்கியிருந்ததால் இப்போது அதில் எல்லோருமே அமுக்கி வைத்ததுபோல் குட்டையாகத் தெரிந்திருப்பார்கள். வேதியியல் ஆசிரியர் உள்ளே வந்து மிரட்டலாக ஏதோ சொன்னார். அதைக் கேட்டு அங்கம்மாவிடமிருந்து மூக்கு உறிஞ்சுகிற சத்தத்துக்கு நடுவில் வேறொரு சத்தம் வந்தது. அது சிரிப்புதானா என்று பக்தவத்சலத்துக்கு முதலில் சந்தேகமாக இருந்தது.

“இன்னா சார் இது, வில்லன் பூசணிக்கா மாதிரி உருண்டுகினு வரான்!”

“குமிழைத் திருப்பிடட்டுமா?” என்று அவர் பின்னாலிருந்து கேட்டார். “இனிமே இவங்க எல்லாம் சரியாத் தெரிவாங்க.”

“ஐய, வாணாம் வாணாம். கை வெக்காத சார்,” என்றாள் அங்கம்மா. “எல்லாரும் நல்லா துன்னு தேறினாப்ல கீறாங்க. அப்பிடியே உடு.”

பக்தவத்சலம் குமிழிலிருந்து விரலை எடுத்தார். எழுந்து முன்னால் போய்ப் பார்க்கலாம். போகவில்லை. சூடேறிய டிவியின் முதுகில் தோளைச் சாய்த்துக்கொண்டு, அந்த இரண்டு பெண்களும் பார்ப்பதைக் கேட்டபடி, அங்கேயே உட்கார்ந்திருந்தார்.